குளிசை மாற்றும் காரணம்

டொக்டர் தர்சினி மேசையில் இரண்டு போத்தல்களை வைத்தார்.

"இது அம்மா இப்ப போடுற எஃபாவிரென்ஸ். இது புதுசு, டொலுடெக்ராவிர்."

எனக்குத் தெரியும். மருந்துகளைப் பற்றியே படித்துப் பட்டம் வாங்கியவள் நான். எங்கள் குடும்பத்தில் கம்பஸ் போன முதல் ஆள். எச்.ஐ.வி.யை இரண்டும் அடக்கும். ஆனால் பழையது தலையைச் சுற்றவைக்கும், கெட்ட கனவு தரும். புதியதில் அந்தத் தொல்லை குறைவு. அது வந்து எவ்வளவு காலம்! உம்மா கேட்கவில்லை, அதனால் யாரும் கொடுக்கவில்லை.



கல்முனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தோம். சொந்த ஊர் ஆஸ்பத்திரி என்றால் வாசலிலேயே நாலு சொந்தக்காரர் நிற்பார்கள். அக்கம்பக்கத்துக்குச் சீனி வருத்தக் கிளினிக் என்று சொல்லியிருக்கிறோம். ஊரில் முகம் மூடாத உம்மா, இங்கே வரும் நாளில் மட்டும் மூடுவார்.

"நோன்பெண்டு படுக்கக்குள்ள போடுற குளிசைய விடியமுந்திச் சாப்பிடுற சஹருக்கு மாத்திட்டா, டொக்டர்," என்றேன். "வெறும் வயித்துல போடவேண்டியத இறைச்சிக் கறிக்கும் எருமைத் தயிருக்கும் மேல போட்டிரிக்கா. கொழுப்போட சேந்தா அது ரத்தத்துல இன்னும் ஏறும். சுபஹுத் தொழுகையில சுஜூதுக்கு நெத்திய நிலத்துல வெச்சவ எழும்பல்ல."

"எழும்பின நான்தானே," என்றார் உம்மா. "கொஞ்சம் சுணங்கிற்று."

"இப்ப நோன்பு முடியுமட்டும் குளிசையே வேணாமாம்!"

நிறுத்தினால் என்ன நடக்கும்? அடங்கிக் கிடக்கும் கிருமி எழும்பும். எழும்பினது பிறகு அதே மருந்துக்கு மசியாமலும் போகலாம். நோன்பை விடு என்று உம்மாவிடம் சொல்ல என்னால் முடியாது. சொன்னாலும் கேட்கமாட்டார்.

"திரும்பப் படுக்கக்குள்ளயே, சாப்பாடு இல்லாமப் போட்டாச் சரிவருந்தானே?" என்றார் டொக்டர்.

இதைத்தான் எதிர்பார்த்தேன். "கனவு?" என்றேன். "பகல்ல கண்ணயந்தாலும் கத்துறா. கதவத் தொறந்து வாறான், கதவத் தொறந்து வாறான் எண்டு. அதுக்கு என்ன நேரம் மாத்துவீங்க?"

டொக்டர் என்னைப் பார்த்தார். பிறகு புதிய போத்தலை முன்னே எடுத்தார்.

"சரி, மாத்துவம். பின்னேரம் நோன்பு துறந்து சாப்பிட்டாப் பிறகு போடலாம். நிறைதான் கொஞ்சம் கூடும்."

"கூடட்டும்," என்றார் உம்மா. "பெருநாளைக்கு வாறவளுகள், ஸைனம்பு என்ன கருவாடா வத்திப் போனா எண்டு கேக்கமாட்டாளுகள்."

டொக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த நோயை வாப்பாதான் கொண்டுவந்தார் என்று நான் முடிவு கட்டி மூன்று வருடம். கொழும்புக்கு லொறி ஓட்டியவர். மௌத்தாகிவிட்டார், பிடித்துக் கேட்க முடியாது. அவருடைய நினைவுநாள் கத்தச் சாப்பாட்டுக்கு நான் ஒரு வெங்காயம்கூட உரித்ததில்லை. உம்மா அதற்காக என்னை ஏசியதுமில்லை, நான் நினைத்ததற்கு ஓம் என்றதுமில்லை.

டொக்டர் கோப்பைத் திறந்தார். மாற்றும் காரணத்தை எழுத வேண்டுமாம்.

"இந்தக் கனவு எப்ப இருந்து வருது, அம்மா? குளிசை துடங்கினாப் பிறகுதானே?"



"ஓம் எண்டு சொல்லுங்களேன், உம்மா."

"நோன்போட பொய் சொல்லேலா, மகள்."

பிறகு டொக்டரின் பக்கம் திரும்பினார்.

"குளிசைக்கு முந்தியே வந்த கனவு, டொக்டர். அது நான் ரியாதுல வேலை செஞ்ச வீட்டுக் கதவு."

எழுதப் போன பேனை நின்றது.  டொக்டர் கோப்பில் எதையும் எழுதாமலே புதிய போத்தலை உம்மாவின் கைக்குள் வைத்தார்.

உம்மா ரியாதுக்கு வீட்டு வேலைக்குப் போனது நான் உயர்தரம் படித்த இரண்டு வருடமும். என்னுடைய டியூசனுக்காகத்தான் போனார்.

அங்கே போன முதல் வருடமே, ஒரு வெள்ளிக்கிழமை, போனில் கேட்டார்: "நான் வரட்டா, மகள்?"

"சோதினை முடியட்டும், உம்மா," என்றேன்.