கழுவி வந்த கேரியர்

கோட்டக்குப்பம் நிஜாமுதீன் குடித்த டீ கிளாஸைக்கூட எடுத்து வைக்கிற ஆளில்லை. ஆனால் அவனுடைய டிபன் கேரியர் தினமும் பளபளவென்று கழுவி வந்தது. இரண்டாம் உலகப் போரில் திண்டிவனம் பக்கத்து ஏரியில் விழுந்த விமானத்தை வெளியே எடுக்கிற வேலை அவனுக்கு. துபாயில் கப்பலடியில் முங்கிப் பழகியவன்.

கேரியரின் மேல் அடுக்கில் ஒரு பிடி அல்லிக் கிழங்கும் வந்தது. பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாதென்று எந்த ஆம்பிளைக்குத் தெரியும்? அவன் பெண்டாட்டி பெனாசிருக்கு வயிறு எரிந்தது. புருஷன் சட்டையை மோந்து பார்த்தாள். சேற்று வாடைதான்.

“யாருங்க கழுவுறா?”

“சாப்ட்டு படகுல வச்சுட்டு தண்ணில எறங்கறேன். ஏறி வந்தா கழுவி இருக்குது. சும்மா பேஜாரு பண்ணிக்கினு இருக்காத.”

போன வாரம் நடு அடுக்கு திரும்பி வரவில்லை. அவள் அம்மா சீராகக் கொடுத்தது, அவள் பேர் வெட்டியது.

விமானத்தைத் தூக்குகிற அன்று பெனாசிரும் கரையில் போய் நின்றாள். வேலையாட்களில் ஒரு பெண்கூட இல்லை. கிரேன் விமானத்தைக் கரையில் இறக்கியது. விமானி உட்காரும் இடத்தின் மூடி துருவேறி இறுகியிருந்தது. கட்டர் வைத்து அறுத்தார்கள். உள்ளே முழுக்கச் சேறு. சேற்றின் மேல் அவள் பேர் வெட்டிய அடுக்கு, ஈரம்கூட இல்லாமல் கவிழ்த்து வைத்திருந்தது.

எல்லோரும் பின்வாங்கினார்கள். பெனாசிர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அடுப்பில் வைத்து அவள் கருகவிட்ட அடி இப்போது வெள்ளியாய் மின்னியது.

“என்னைவிட நல்லா தேய்ச்சிருக்கா” என்றாள்.