அஞ்சு மணி வரைக்கும் எழக் கூடாது

"எழுந்து வந்து எடுத்துக்கோ! கல்லு மாதிரி காலை வச்சிக்கினு, சேர்ல குந்திக்கினு இன்னாடி அதிகாரம்?"

டீக்கடை கெங்கம்மாள் போட்ட சத்தத்தில், எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவில் தூங்கிக்கொண்டிருந்த கோழிகள்கூட விழித்திருக்கும். எளாவூர் சோதனைச் சாவடியில் அன்று ஞாயிற்றுக்கிழமை. லாரி வரிசையின் வால் கல்கத்தாவில் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பலாம். அத்தனை டிரைவர்களுக்கும் கெங்கம்மாள் போண்டாதான் கதி.

"எழக் கூடாதுக்கா. அஞ்சு மணிக்குள்ள ஒரு தடவை எழுந்தாக்கூட இன்னிக்குப் பண்ணது செல்லாது. மறுபடியும் முதல்லேர்ந்து உட்காரணும்," என்றாள் சக்கர நாற்காலியில் இருந்த நாஜியா.

"அப்படி இன்னா படிப்பு அது?"

"ஆக்குபேஷனல் தெரபி. அடிபட்டுக் கை கால் விழுந்தவங்களுக்குத் திரும்பச் சட்டை போட, சமைக்க, வேலைக்குப் போகக் கத்துக் குடுக்கறது. அதுல டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறேன். அவங்க கஷ்டம் நமக்கும் தெரியணும்ல? அதுக்குத்தான் இந்த ஒரு நாள் பயிற்சி."

லாரி டிரைவர் ஆசீர்வாதத்துக்கு டீ மூக்கு வழியாக வந்தது.

"சட்டை போடறதுக்கு டாக்டர் பட்டமா! யக்கா, உன் ஊட்டுக்காரருக்கு இத்தினி வருஷமா சட்டை மாட்டி, சோறு ஊட்டி, வேலைக்குத் தொரத்தறியே, உனக்கு எத்தினி பட்டம் குடுக்கணும்?"

"கவர்னரே மாலையோட வரணும்டா. வந்தா அவருக்கும் டீ காசு உண்டு!"

கடையே குலுங்கியது. நாஜியாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

"மத்த நாள்ல இன்னா பண்ணுவே?" என்று கேட்டாள் கெங்கம்மாள்.

"கும்மிடிப்பூண்டி கம்பெனிங்கள்ல மெஷின்ல அடிபட்டவங்களைப் பார்த்து ஆராய்ச்சி. ஞாயித்துக்கிழமை ரூம்ல நானும் ஃபேனும்தான். கரன்ட் போச்சுன்னா நான் மட்டும்."

"அம்மா அப்பா?"

"வாணியம்பாடியில. போன் பண்ணுவாங்க. சாப்டியா, தூங்கினியா, ஜாக்கிரதை... டேப்ல போட்ட மாதிரி. நெஜத்தைச் சொல்லணும்னா, பயிற்சி பாதி, பேச்சுத் துணை பாதின்னுதான் இங்க வந்தேன். இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் யாராவது என்கூடப் பேசிக்கினு இருந்தாப் போதும்."

"பேச்சுதானே வேணும்? என் வாயை மூடச் சொல்லி எங்கூட்டுக்காரர் வேண்டாத சாமி இல்ல. நீ குந்து!"

ஆசீர்வாதம் எழுந்து கைலியை மடித்துக் கட்டினான்.

"பாப்பா, அஞ்சு மணிக்குள்ள உன்னை எழுப்பிக் காட்டறேன். பந்தயமா?"

"பந்தயம்!"

அதன் பிறகு அங்கே ஒரு திருவிழாவே நடந்தது. சுடச்சுட வெங்காய போண்டாவைத் தட்டில் வைத்து, நாஜியாவின் கைக்கு எட்டாத உயரத்தில் பிடித்தபடி அவளைச் சுற்றி வந்தான் ஆசீர்வாதம். அந்த வாசனைக்கு வரிசையில் நின்ற லாரிகளே ஓர் அடி முன்னால் நகர்ந்தன. நாஜியா எழவில்லை. "உன் செருப்புல எறும்பு", "உன் பின்னாடி மாடு" என்றெல்லாம் கத்திப் பார்த்தான். ம்ஹூம்.

கடைசியில், அறுந்த ஃபேன் பெல்ட் ஒன்றைச் சத்தமில்லாமல் கொண்டுவந்து அவள் காலடியில் வீசினான்.

"பாம்பு! பாம்பு!"

கெங்கம்மாள் பெஞ்சின் மேல் ஏறியதில் பெஞ்சு பயந்துபோனது. இரண்டு டிரைவர்கள் சாவடியைத் தாண்டி ஓடி, வரி கட்டாமலே ஆந்திராவுக்குள் போய்விட்டார்கள். நாஜியாவும் வீல் என்று அலறினாள். சக்கரத்தைப் பின்னால் உருட்டினாள். ஆனால் பாதம் மட்டும் மிதிபலகையை விட்டு இம்மியும் எழவில்லை.

ஆசீர்வாதம் கையெடுத்துக் கும்பிட்டான்.

"தாயே! பாம்புக்கே காலைத் தூக்கலியே! உனக்கு ரெண்டு பட்டமா குடுக்கச் சொல்றேன். தோத்துட்டேன், போண்டாவைத் துன்னு!"

"அடப்பாவி, என் உயிரு போய்ட்டு வந்துச்சிடா!" பெஞ்சிலிருந்து இறங்கிய கெங்கம்மாள் நாஜியாவின் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள். "நெஜமாவே கால் வராத பொண்ணு வந்திருந்தா இப்படியெல்லாம் ஆடுவமா? பாவம், டீயைக் கையில குடுத்துட்டு, வாயைத் தொறக்காம ஒதுங்கி நின்னுருப்போம்."

"ஆமாக்கா," என்ற நாஜியா போண்டாவைப் பிட்டுக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் திட்டு," என்றாள்.

வெயில் சாயும்வரை திட்டு, கேலி, ஊர்வம்பு எல்லாம் ஓடியது. திடீரென்று நாஜியா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நான் கிளம்பறேன். எங்க மேடம் பெட்ரோல் பங்க்ல காத்துக்கினு இருப்பாங்க. அவங்க முன்னாலதான் எழுந்து காட்டணும்."

"அடுத்த ஞாயித்துக்கெழமை வருவ இல்ல? நல்லா ஜம்முனு நடந்து வா! இந்த வண்டியோட வந்தே, டீ கிடையாது, வெந்நிதான்!"

நாஜியா சிரித்தாள். கை வலிக்கும்வரை அவர்களுக்கு டாட்டா காட்டிவிட்டு, லாரிகளுக்கு நடுவே நாற்காலியை உருட்டிக்கொண்டு போனாள்.

பெட்ரோல் பங்க்குக்குப் பின்புறம், கடையிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், அவளை வழக்கமாக ஏற்றிவரும் ஆட்டோக்காரன் மோசஸ் வண்டியோடு நின்றிருந்தான். வேறு யாரும் அங்கே இல்லை. அவன் அவளை இரண்டு கைகளாலும் தூக்கி சீட்டில் உட்கார வைத்து, வெளியே தொங்கிய பாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தான்.

"அடுத்த வாரம் நடந்து வரச் சொல்லிட்டாங்கண்ணா."

"அப்ப இந்தக் கடைக்கும் இனிமே வர முடியாதாம்மா? அடுத்த வாரம் எங்க போறது?"

"ஆரணிக்குப் போலாம்ணா," என்றாள் நாஜியா. "அங்க இன்னும் நான் நடக்கிற பொண்ணுதான்."