ஏழு பேரைக் கலைத்த தரகர்

வெள்ளவத்தையில், வீட்டுத் தரகர் சங்கத்தின் ஒழுக்காற்று விசாரணை. கிரிசாந் தலையைக் குனிந்தபடி நின்றான். குற்றம் நிரூபணமானால் தொழில் போய்விடும்.

“வீடு பாக்க ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தவர், சேர். ஏழு பேரையும் இவரே கலைச்சுப்போட்டார்,” என்றார் முறைப்பாடு செய்த வீட்டுச் சொந்தக்காரி தவமலர்.

“என்ன சொல்லி?” என்று கேட்டார் தலைவர் கொன்ஸ்ரன்ரைன்.

“கடல்காத்துக்கு பிரிட்ஜ் துருப்பிடிக்குமாம். பக்கத்துத் தண்டவாளத்தில ரெயின் போனால் கட்டில் ஆடுமாம். வீடு வித்தால்தானே நானும் மகளும் கனடாவுக்குப் போகலாம்?”

தலைவர் கிரிசாந்திடம் திரும்பினார். “வித்தால் கொமிஷன் உமக்குத்தானே தம்பி. பிறகேன் கலைச்சனீர்?”

“விக்க விடாதேங்கோ எண்டு அபிநயா சொன்னவ, சேர்.”

“அது ஆர்?”

தவமலர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். “என்ட மகள்.”

சபையில் சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. தலைவரும் சிரிப்பை விழுங்கிக்கொண்டுதான் தீர்ப்பைச் சொன்னார்.

“வாடிக்கையாளரை ஏமாத்தினது குற்றம். ஆறு மாதம் தொழில் செய்யத் தடை.”

கிரிசாந்தை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்த தவமலர் பதறி எழுந்தார்.

“ஆறு மாதமோ? வேலையில்லாத பெடியனுக்கு நான் எப்படிச் சேர் பொம்பிளை குடுக்கிறது?”