இரைச்சல் வேண்டும்

விமான மெக்கானிக் ஹெட்செட்டைக் காதோடு சேர்த்து அழுத்தினான்.

ரேடியோ சுத்தமாக இருந்தது.

சனியன்.

விளக்குகளைப் போட்டான். அணைத்தான். இன்ஜின் வேகத்தைக் கூட்டினான், குறைத்தான். ஒரு சின்ன கரகரப்புகூட இல்லை. கட்டுப்பாட்டு டவரில் இருந்தவர் பக்கத்து இருக்கையிலிருந்து பேசுவதுபோல் கேட்டார்.

வேறு நாளென்றால் சந்தோஷப்பட்டிருப்பான். இன்று அவனுக்கு இரைச்சல் வேண்டும்.

முந்தாநாள் காலை விமானப் பள்ளி மாணவி பெனிட்டா இந்தப் பயிற்சி விமானத்தைத் தனியாக ஓட்டிவந்து இறக்கினாள். இறங்காதே, மேலே போ என்று டவர் மூன்று முறை கத்தியிருக்கிறது. ஓடுபாதையில் இன்னொரு விமானம் நின்றிருந்தது. நாற்பதடியில் தப்பினார்கள்.

ஒரே இரைச்சல், எதுவுமே கேட்கவில்லை என்றாள் அவள். பயத்தில் உறைந்துபோய்விட்டு இப்போது பொய் சொல்கிறாள் என்றார் பள்ளியை நடத்தும் கேப்டன். பன்னிரண்டு மணிக்குள் ரேடியோவில் கோளாறு கிடைக்காவிட்டால் அவள் பள்ளியை விட்டுப் போக வேண்டும்.

மணி பதினொன்றே முக்கால்.

இரண்டு நாளில் அவன் கழற்றிப் பார்க்காத ஒயர் இல்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். விமானம் நிறுத்தும் ஹேங்கர் வாசலில் பெட்டியோடு நின்றிருந்தாள் பெனிட்டா.

"வா, வந்து ஏறு. அன்னைக்கு என்னென்ன செஞ்சியோ அத்தனையும் செய். ஒண்ணு விடாம."

பெல்ட்டைப் போட்டாள். டேப்லெட்டைத் தொடையில் கட்டினாள். கை எதையோ தேடியது.

"அண்ணே, சார்ஜர் எங்க?"

சோதனையைத் தொடங்குமுன் விமானத்தில் சேராததையெல்லாம் ஒரு அலுமினியத் தட்டில் எடுத்துவைப்பது அவன் வழக்கம். இருபது வருட வழக்கம். ஹேங்கர் பெஞ்சில் அந்தத் தட்டு இருந்தது. அதில் பேனா, தண்ணீர் பாட்டில், முடி கிளிப்.

சார்ஜர்.

ஓடிப்போய் எடுத்துவந்தான். பக்கத்தில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டினான். அவள் இன்ஜினைக் கிளப்பிச் சார்ஜரைச் செருகினாள்.

காதுக்குள் அப்பளம் பொரிந்தது. டவர் என்னவோ சொன்னது. ஒரு சொல்கூடத் தேறவில்லை.

"இதேதான்! ஐயோ, இதேதாண்ணே!"

அழுகையும் சிரிப்புமாக அவன் தோளில் குத்தினாள்.

அவன் சார்ஜரைப் பார்த்தான். போன வாரம் பறக்கும்போது டேப்லெட்டில் சார்ஜ் தீர்ந்து மேப் அணைந்துவிட்டதென்று அவள் புலம்பினாள். பாவமே என்று பஸ் ஸ்டாண்ட் கடையில் அதை வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். வெளிச்சாமான் எதையும் விமானத்தில் செருகக் கூடாது என்று ஹேங்கர் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதன் அடியில் இருப்பதும் அவன் கையெழுத்துதான்.

பெனிட்டாவுக்கும் அது உறைத்திருக்க வேண்டும். சிரிப்பு நின்றது.

இறக்கைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு கேப்டன் வந்தார், கடிகாரத்தைப் பார்த்தபடி.

"எடுத்துரட்டுமாண்ணே?" அவள் கை சார்ஜருக்குப் போனது.

அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

கதவைத் திறந்தான். ஹெட்செட்டைக் கழற்றி கேப்டனிடம் நீட்டினான்.