திரும்பி வருவீங்களா?

"ஜெர்மன் மொழியை இங்கேயே படிக்கலாமே. அதுக்கு ஜெர்மனி வரைக்கும் போகணுமா?"

மேஜைக்கு எதிரே இருந்த அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இங்கே படிச்சுட்டுத்தான் மேடம் ஸ்கூல்ல ஜெர்மன் டீச்சரா இருக்கேன். கடையில, பஸ்ல எப்படிப் பேசுவாங்கன்னு பிள்ளைங்க கேட்டா திருதிருன்னு முழிக்கிறேன்."

"கல்யாணம் ஆனவங்க. கணவரை விட்டுட்டு எட்டு மாசம் தனியா இருந்துடுவீங்களா?"

"அவர் வேலைக்காக ரெண்டு வருஷம் வெளிநாட்டுல இருந்தார். அவர்கிட்ட யாரும் இப்படிக் கேட்கலை."

அம்மாள் அசரவில்லை. "திரும்பி வருவீங்கன்னு எப்படி நம்புறது?"

போன தடவை அவளுக்கு விசா கிடைக்காமல் போனது இந்தக் கேள்வியில்தான். அன்று அழுதுவிட்டாள். இன்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஸ்கூல்ல எனக்கு லீவுதான் கொடுத்திருக்காங்க, என் இடத்தை வேற யாருக்கும் கொடுக்கலை. போறதே என் பிள்ளைங்களுக்காக. வருவேன்."

கதவைத் தள்ளிக்கொண்டு அவள் கணவன் உள்ளே வந்தான்.

"நான் வேண்டாம்னு சொல்லியும் மறுபடி ஆரம்பிச்சுட்டியா? அம்மா, நீயாவது இவளுக்குப் புத்தி சொல்லேன்."

மாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார்.

"காலையிலேருந்து அதைத்தான்டா பண்ணிட்டிருக்கேன். நாளைக்கு விசா ஆபீஸ்ல இவ தடுமாறக் கூடாதில்ல?"

அவன் கதவருகிலேயே நின்றான்.

"ஏன் நிக்கிறே? அடுப்புல சோறு வேகுது, போய்ப் பாரு. எட்டு மாசம் நீதானே சமைக்கணும், இன்னைக்கே பழகிக்கோ."