கழலாத முகமூடி

கதவுக்காரர் சொன்ன அந்தக் கதையைத் தையல்காரர் பல வருஷமாக நம்பவில்லை.

கேட்ட அன்று எல்லோரோடும் சேர்ந்து வயிறு வலிக்கச் சிரித்தவர்தான். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்ததும் உறுத்த ஆரம்பித்தது. காலமெல்லாம் சட்டைக்குக் கழுத்து வெட்டுகிறவர் அவர். சிரமமில்லாமல் உள்ளே போன தலை, வெளியே வரும்போது மட்டும் எப்படிச் சிக்கும்?

கதை இதுதான்.

இடிக்கிற வீடுகளிலிருந்து கதவு, ஜன்னல், தூண் என்று வாங்கிவந்து விற்பது கதவுக்காரர் தொழில். ஒருமுறை ஒரு கப்பல் கேப்டனின் வீட்டை இடித்தபோது, தூண்களோடு சில ஆப்பிரிக்க முகமூடிகளும் வந்து சேர்ந்தன. அதில் ஒன்று, அண்டாவைக் கவிழ்ப்பதுபோல் தலை முழுக்கக் கவிழ்ப்பது. ஒரே மரத்தில் குடைந்தது. புடைத்த நெற்றி, கோடு கோடாகச் செதுக்கிய கன்னம், உலகத்தைப் பார்த்துச் சலித்துப்போன மாதிரி பாதி மூடிய கண்கள்.

அன்று கடைக்கு ஒருவர் வந்தார். அப்பாவின் வீட்டை அவர் விற்றிருந்தார்; அதன் வாசல் கதவு அங்கே சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அதைத் தடவிக்கொண்டு நின்றவர், தெருவில் தம்பி வருவதைப் பார்த்தார். வீட்டை விற்ற நாளிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

ஒளிய இடமில்லை. சட்டென்று முகமூடியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, தூண்களோடு தூணாக நின்றுவிட்டார்.

தம்பி உள்ளே வந்தான். தூண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"மூஞ்சியை மறைச்சிட்டே சரி. தொப்பையை யாரு மறைக்கிறது?"

தூண் அசையவில்லை.

"அண்ணே, கழட்டு அதை."

"வரலைடா," என்றது முகமூடி. "மாட்டிக்கிச்சு."

தம்பி பிடித்து இழுத்தான். "ம்ம்ம்" என்ற முனகல்தான் வந்தது. கையை எடுத்ததும் பேச்சு வந்தது.

"மெதுவாடா! காது போயிடும்!"

கதவுக்காரர் சோப்புத் தண்ணீர் ஊற்றினார். வரவில்லை. கீலுக்குப் போடுகிற எண்ணெயை விட்டார். அப்போதும் இழுத்தால் "ம்ம்ம்". அவ்வளவுதான்.

"யோவ், ரம்பத்தைக் கொடு. அறுத்துடலாம்," என்றான் தம்பி.

"தலையையா?"

"முகமூடியைய்யா!"

"ஆளை விடு சாமி. இந்த மாதிரி இன்னொண்ணு எங்கேயும் கிடைக்காது."

சொன்னதோடு நிற்காமல் கதவுக்காரர், ரம்பம் இருந்த பெட்டிமேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"உள்ளே ஒருத்தன் மூச்சுத் திணறுறான். உனக்கு மரம் பெருசாப் போச்சு! நீயெல்லாம் மனுஷனா?"

"நல்லா வேர்த்தா வழுக்கிட்டு வந்துடும். சும்மா உட்காருங்க."

தம்பி கீழே கிடந்த ஒரு தூணில் உட்கார்ந்தான். முகமூடியையே கொஞ்ச நேரம் முறைத்தான்.

"இப்படியே இரு. உன் மூஞ்சியைப் பார்த்தாத்தான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. இது பரவாயில்லை. உன்னைவிட லட்சணமா இருக்கு."

"சொல்ல வந்ததைச் சொல்லு."

"வீட்டை வித்தது போகட்டும். விக்கப்போறேன்னு ஒரு வார்த்தை சொன்னியா? இந்தக் கதவையாவது தூக்கிட்டுப் போகலாம்னு வந்தேன். சின்ன வயசுல இதோட இடுக்குல என் விரல் நசுங்கினப்ப, நீதானே என்னைத் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினே? அந்த அண்ணன் எங்கே போனான்?"

முகமூடி கதவுப் பக்கம் திரும்பியது.

"காத்துல சாத்திக்கிச்சுன்னு அப்பாகிட்டச் சொன்னேன்ல?"

"ஆமா."

"காத்து இல்லைடா. நான்தான்."

தம்பி தன் விரலைத் தூக்கிப் பார்த்தான்.

"அடப்பாவி! வழியில ஐஸ் வேற வாங்கிக் கொடுத்து, வீடு முழுக்க நல்ல பேர் வாங்கிட்டியே!"

"வீட்டு விஷயமும் சொல்லத்தான்டா வந்தேன். உன் வாசல் வரைக்கும் வந்தேன். உன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரலை."

தம்பி எழுந்தான். சும்மா தொட்டு இழுத்தான். டப்பா மூடி மாதிரி கழன்று வந்தது முகமூடி. உள்ளே இருந்த முகம் நனைந்து கிடந்தது.

"கண்ணுல சோப்புப் பட்டுடுச்சு," என்றார் அண்ணன்.

கதவின் ஒரு முனையை அண்ணனும் மறுமுனையைத் தம்பியும் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள்.

"பார்த்துடா, விரலு!"

"நீ சாத்தாம இருந்தாப் போதும்!"

"வேர்த்தா வந்துடும்னு நான் அப்பவே சொன்னேன்ல," என்று பெருமையாகக் கதையை முடிப்பார் கதவுக்காரர். அன்றிலிருந்து அந்த முகமூடியை யாரும் தொட முடியாத உயரத்தில் மாட்டிவிட்டார். மரத்தின்மேல் இருக்கிற பாசம் மனுஷன்மேல் இல்லை என்று தெருவே பேசியது. தையல்காரரும் பேசினார்.

போன வாரம், தூசு படாமல் இருக்க அதற்கு ஓர் உறை தைத்துத் தரச் சொல்லிக் கதவுக்காரரே கூப்பிட்டார். இறக்கி வைத்த முகமூடியைத் தையல்காரர் முதல் வேலையாகத் தலையில் கவிழ்த்துப் பார்த்தார். கழற்றினார். தொப்பி மாதிரி போனது, தொப்பி மாதிரி வந்தது.

திருப்பி உள்ளே கைவிட்டுத் துழாவினார். வாய்க்கு நேராக ஒரு குறுக்குக் கட்டை.

"இது எதுக்கு?"

"ஆடும்போது விழாம இருக்க, பல்லால கடிச்சுப் பிடிச்சுக்குவாங்களாம்," என்றார் கதவுக்காரர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

தையல்காரர் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கட்டையில் தேய்ந்து மழுங்கிய பழைய பல் தடங்கள். அவற்றின் மேலேயே, அவற்றைவிடப் புதிதாக, ஆழமாக இன்னொரு வரிசை.

"கதவுக்காரரே, இழுக்கும்போதெல்லாம் அந்த மனுஷன் இதைக் கடிச்சுப் பிடிச்சுக்கிட்டு நின்னாரா? அது தெரிஞ்சுதான் நீங்க ரம்பப் பெட்டி மேல ஏறி உட்கார்ந்தீங்களா?"