மலையில் வைத்து எடுத்த படம்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று அக்காவுக்குக் காலையிலிருந்தே பயம். சொல்ல வேண்டியதை மனதுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அப்போதும் பயம் போகவில்லை.

அந்தச் சலவைக் கடையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். கவுண்டரில் துணி வாங்குவது, சீட்டுக் குத்துவது, வாங்கியதைச் சின்னக் கேமராவில் படம் எடுத்து வைப்பது, இவ்வளவும் அவள் பொறுப்பு.

பதினோரு மணிக்குக் கோட்டுக்காரர் வந்தார். அக்கா எடுத்துக் கொடுத்த சாம்பல் நிறக் கோட்டை விரித்தார். இடது கை ஓரத்தில் முக்கோணமாக ஒரு பொசுங்கல்.

"செவ்வாய்க்கிழமை குடுத்தப்போ இது இல்லையே."

முதலாளியம்மா உள்ளே இருந்து வந்தார்.

"இருங்க சார். இங்க வெறும் வாய்ப்பேச்சுக்கு இடமில்ல. எல்லாத்துக்கும் படம் இருக்கு. அக்கா, கேமராவை எடு."

பின்பக்கம் ஆவிச் சத்தம் நின்றது. இஸ்திரி மாமா எட்டிப் பார்த்தார். இரண்டு மாதத்தில் இரண்டு துணி பொசுக்கியிருந்தார். மூன்றாவது நடந்தால் வீட்டோடு இருந்துகொள்ளலாம் என்று போன வாரம்தான் முதலாளியம்மா சொல்லியிருந்தார்.

"படத்துல பொசுங்கல் இருந்தா சார் பொறுப்பு. இல்லேன்னா நம்ம மாமா பொறுப்பு. அவ்வளவுதான்."

அக்கா படத்தைக் காட்டினாள். கீழ் மூலையில் செவ்வாய்க்கிழமைத் தேதி பளிச்சென்று இருந்தது. மற்றதெல்லாம் ஒரே மூட்டம்.

"இது கோட்டா, மழை மேகமா?" என்றார் கோட்டுக்காரர்.

முதலாளியம்மா அக்காவைப் பார்த்தார்.

"எதுல வச்சு எடுத்தே?"

"மலைலம்மா."

"எதுல?"

"கேமரா டயல்ல மலைப் படம் போட்டிருக்கே, அதுல."

"மலை தூரத்துல இருக்கறதுக்கு. கிட்டத்துல இருக்கறதுக்குப் பூ. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"பெரிய கோட்டா இருந்துச்சும்மா. பூவுல அடங்காதுன்னு நினைச்சேன்."

கோட்டுக்காரருக்கு இருமல் வந்தது.

"சரி, நிலா எதுக்கு?"

"ராத்திரிக்கு."

"ஓடற ஆளு?"

"அவசரமா எடுக்கறதுக்கு."

முதலாளியம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். மாமாவுக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை.

"ஏம்மா, எனக்கே தெரியுமே. பூன்னா கிட்ட, மலைன்னா எட்ட. மூணு வருஷமா அதோட குடும்பம் நடத்தறே, இன்னும் பிடிபடலையா?"

"தலைல ஏற மாட்டேங்குது மாமா."

"இங்க குடு" என்று முதலாளியம்மா கேமராவை வாங்கினார். டயலைப் பூவுக்குத் திருப்பினார். தன் இடது கட்டைவிரலை நீட்டி, அதற்கு நேராகப் பிடித்தார்.

"பட்டனைப் பாதி அழுத்தணும். பச்சைக் கட்டம் வரும். வந்ததும் மீதியை அழுத்தணும். பாரு, ரேகையை எண்ணிடலாம்."

அக்கா ரேகையைப் பார்க்கவில்லை. படத்தின் மூலையில் இருந்த தேதியைப் பார்த்தாள்.

"புரிஞ்சுதும்மா" என்று கேமராவைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள்.

"என்னத்தப் புரிஞ்சுதோ" என்று முதலாளியம்மா கோட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்குங்க சார். படம் சரியில்லேன்னா யாரையும் கை காட்ட முடியாது. அது கடையோட தப்பு. இழை ஓட்டிச் சரி பண்ற ஆள் இருக்கார். பொசுங்கின எடமே தெரியாது. திங்கட்கிழமை வீட்டுக்கே அனுப்பிடறேன்."

கோட்டுக்காரர் கோட்டை மடித்துக் கொடுத்தார்.

"சரி. அவங்களை ரொம்பத் திட்டாதீங்க. எங்க வீட்டு அம்மா எடுக்கற படத்துல எனக்குத் தலையே இருக்காது."

அவர் போன பிறகுதான் உண்மையான திட்டு விழுந்தது.

"இன்னொரு தடவை மலை ஏறினேன்னு வச்சுக்கோ, கவுண்டர்ல நிக்க மாட்டே. பின்னாடி சோப்புத் தொட்டிதான்."

"சரிம்மா."

முதலாளியம்மா உள்ளே போனார். மாமா அடுத்த துணியை எடுக்க வந்தார். சீட்டை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், கடைசியில் அக்காவிடமே நீட்டினார்.

"இது ஒண்ணா, ஏழா?"

"ஏழு மாமா."

"அடுத்த மாசம் கண்ணு ஆபரேஷன். அது முடிஞ்சா உன்னை இப்படித் தொந்தரவு பண்ண மாட்டேன்." போகிற போக்கில் திரும்பினார். "நீயும் அதுக்குள்ள அந்தப் பூவைக் கத்துக்க."

"பாக்கறேன் மாமா."

ஆவிச் சத்தம் மறுபடி கேட்டதும், அக்கா கவுண்டருக்குக் கீழே குனிந்துகொண்டாள்.

பூவில் வைத்து நூல் நூலாகத் தெரியும்படி அவள் முதலில் எடுத்த படம், பொசுங்கல் இல்லாத அந்த நல்ல படம், காலையிலேயே அழிந்துவிட்டது. கோட்டை மடிக்கும்போது இஸ்திரிப் பெட்டியின் மூக்கு பதிந்த இடத்தைப் பார்த்தவுடன் அவள்தான் அழித்தாள். இப்போது முதலாளியம்மாவின் கட்டைவிரல் படத்தையும் அழித்தாள்.

பிறகு மெனுவுக்குள் போனாள். காலையில் அந்த மலைப் படத்தை எடுப்பதற்காகச் செவ்வாய்க்கிழமைக்குத் திருப்பி வைத்திருந்த தேதியை, ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்து, இன்றைய வெள்ளிக்கிழமைக்கு மாற்றி வைத்தாள்.